நாலு சமயமும் ஒரு பிள்ளையும்

பிள்ளையைப் புதைத்து நாலாம் நாள் காலமை. என் மனைவி சிவக்கொழுந்து கிணற்றடி வாழைக்குக் கிட்ட, முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். மார்பில் கட்டிப்போன பாலைப் பீய்ச்சி வாழையடியில் விட்டுக்கொண்டிருந்தாள். மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று பக்கத்துக் காணி அன்னம்மாக்கா ஒரு கடதாசிச் சரையில் பூக் கொண்டுவந்து கொடுத்திருந்தா. அது குசினி வாசலில் அவிழ்க்காமலே கிடந்து வதங்கி மணத்தது. இன்றைக்கும் மல்லிகை மணக்கிற இடத்தில் நான் நிற்கமாட்டேன். கலியாண வீடுகளில் நான் ஏன் வெளியே போய் நிற்கிறேன் என்று ஆட்கள் கேட்பதுண்டு.

தேத்தண்ணியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். இதையாவது குடியும் என்றேன். பிறகு, ஏன்தான் எங்களுக்கு இப்படி வந்ததோ தெரியவில்லை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். செத்த வீட்டில் எல்லாரும் சொல்லுகிற கதைதானே.

அவள் திரும்பவில்லை.

"ஏன் தெரியாது? நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நான் என்ன சொன்னேன் என்பதைத்தான் இந்தக் கிழமை பேப்பருக்கு எழுத வேண்டியிருக்கிறது. இத்தனை கிழமையும் தள்ளித் தள்ளி வந்தேன். காடு வெட்டின கதை, யானை வந்து நெல்லை மிதித்த கதை, பள்ளிக்கூடத்துக் கூரை காற்றோடு போன கதை எல்லாம் எழுதித் தீர்ந்துவிட்டது. உம்மைப்போல ஒரு சைவ வாத்தியார் கோயில் வாசலை மிதிக்காமல் இருப்பது என்ன பண்பாடு என்று ஒரு வாசகர் காரமாக எழுதிக் கேட்டிருக்கிறார். சரி ஐயா, சொல்லுகிறேன். கேட்டுவிட்டுத் திட்டுகிறதென்றால் திட்டும்.

கொப்பியும் கோடும்

நாங்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வன்னிக்கு வந்த ஆட்கள். குளத்துக்குக் கீழே வயற்காணி கொடுத்த காலம். முள்ளியவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பிக்கிற உத்தியோகம். பின்னேரத்தில் வயல். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு விசர் இருந்தது. சமயங்களை ஒப்பிட்டுப் பார்க்கிற விசர்.

ஒரு தடித்த கொப்பியில் கோடு போட்டு நாலு பத்தி பிரித்து வைத்திருந்தேன். சைவம், வேதம் என்று நாங்கள் சொல்லுகிற கிறிஸ்தவம், இசுலாம், புத்தம். கடவுள் ஆர், உயிர் எங்கேயிருந்து வந்தது, செத்தால் எங்கே போகும் என்று ஒவ்வொரு கேள்வியாக எழுதி, நாலு சமயமும் சொல்லுகிற மறுமொழியை நேரே எழுதுவேன். கடைசியில் புள்ளி போடுவேன். சோதனைத்தாள் திருத்துகிறவனின் பழக்கம். ஒவ்வொரு தரமும் சைவம்தான் வகுப்பில் முதலாம் பிள்ளை. வேதக்காரரும் இசுலாமானவர்களும் மட்டுமட்டாகப் பாஸ். கடவுளைப் பற்றிக் கதைக்கவில்லை என்று புத்தருக்குப் புள்ளி வெட்டினேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், முல்லைத்தீவில் புடைவைக் கடை வைத்திருந்த காதர் நானாவோடு நான் கிழமைக்கு ஒருக்காலாவது கதைப்பேன். மழையைப் பற்றி, நெல்லைப் பற்றி, அவருடைய முழங்கால் நோவைப் பற்றி எல்லாம் கதைத்திருக்கிறோம். நீங்கள் என்ன நம்புகிறீர்கள் நானா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய சமயத்துக்கு நான் போட்ட புள்ளி முழுக்கத் துண்டுப் பிரசுரத்தில் படித்ததை வைத்துப் போட்டது.

பயன் சொல்லுதல்

எங்கள் ஆட்களின் கோயில்களில் புராணப் படிப்பு என்று ஒன்று உண்டு. ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார். மற்றவர் அதன் பொருளைச் சனத்துக்கு விரித்துச் சொல்லுவார். அதைப் பயன் சொல்லுதல் என்போம். குடியேறின ஆட்கள் காட்டுக்குள் நாலு மரக்கப்பு நட்டுத் தென்னோலைக் கிடுகு வேய்ந்து ஒரு கோயில் போட்ட உடனேயே படிப்பையும் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்குச் சுவர் எழும்பவில்லை, படிப்பு எழும்பிவிட்டது. படிக்கிறதுக்குக் கந்தையர் என்று நல்ல குரல்வளமுள்ள ஒருவர். பயன் சொல்ல நான். பற்றரியில் வேலை செய்கிற ஒலிபெருக்கி ஒன்றும் இருந்தது.

பயன் சொல்லுகிறவனுக்குப் பாட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே போய் வர இடமுண்டு. நான் வெளியே போனால் இலேசில் திரும்பி வரமாட்டேன். கந்தையர் செருமிச் செருமிப் பார்ப்பார். நான் வேதக்காரரை ஒரு பிடி, இசுலாமானவர்களை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் பாட்டுக்கு வருவேன். சனத்துக்கு அது பிடிக்கும். எனக்குச் சனத்தைவிடப் பிடிக்கும்.

என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. அதுதான் என் பெரிய வெடி. ஒரு பிறப்புத்தான் என்று சொல்லுகிறவர்களே, ஒரு பிள்ளை தொட்டிலிலேயே செத்துப்போகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எண்பது வயது மட்டும் இருக்கிறது, ஏன் என்று சொல்லுங்கோ பார்ப்பம் என்பேன். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். அந்தப் பேசாமல் நிற்கிறதையும் நான் வீட்டில் பழகிப் பார்த்திருக்கிறேன். பிறகு நானே மறுமொழி சொல்லுவேன். வினை. முற்பிறப்பில் செய்த வினை. இதற்கு விடை சொல்ல எங்கள் சமயத்தை விட்டால் வேறு ஆளில்லை என்று முடிப்பேன்.

சாத்திரத்தில் அது அந்த உயிரின் சொந்த வினை என்றுதான் இருக்கிறது. அந்த வருடப் படிப்பில் நான் அத்தோடு விடவில்லை. போன பிறப்பில் ஒரு குழந்தையைப் பட்டினி போட்டவள்தான் இந்தப் பிறப்பில் பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பாள் என்றும் சொன்னேன். ஒரு ஏட்டிலும் இல்லாத கதை. கேட்கிறவர்களுக்கு உறைக்கட்டும் என்று நின்ற நிலையில் வாயில் வந்தது. சனம் உச்சுக்கொட்டித் தலையாட்டியது. எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், அப்படி ஒரு சந்தோசம்.

சிவக்கொழுந்து அப்போது எட்டு மாதம். பெண்கள் பக்கத்தில் ஒரு கப்போடு சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், இன்றைக்கு நல்லாய்ச் சொன்னீர்கள் என்றாள். அவளுக்கு என் படிப்பின் மேல் அவ்வளவு நம்பிக்கை. நாலாம் வகுப்போடு நின்றவள்.

மூன்றாம் மாதம்

பிள்ளை மூன்று மாதம் இருந்தான். முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கின நேரம். காய்ச்சல் வந்து, வலிப்பு வந்து, ஆசுபத்திரிக்கு மாட்டு வண்டிலில் போகிற வழியில், அவள் மடியிலேயே அடங்கிப்போனான். வண்டில்காரரிடம் திருப்பச் சொன்னது அவள்தான்.

எங்களில் சின்னப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைக்கிறது. எட்டாம் நாள் எட்டுச் செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, ஆண்டுத் திவசமும் இல்லை. பெரிய ஆட்கள் செத்தால் அழுகிறதுக்கு இடமில்லாமல் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செய்ய வேலை இருக்கும். பிள்ளை செத்தால் அன்று பின்னேரமே எல்லாம் முடிந்துவிடும். வருடத்தில் ஒருநாளாவது அவனுக்கென்று ஏதும் செய்ய முடியாதா என்று அவள் கோயில் ஐயரிடம் கேட்டாள். பாவம் அறியாத உயிருக்கு அதொன்றும் தேவையில்லை அம்மா என்றார் ஐயர். நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பாவம் அறியாதது என்றால், பாவம் வேறு ஆருடையது? அதற்கு விடைதான் அவளுக்கு ஏற்கெனவே தெரியுமே. புருசன் ஒலிபெருக்கி வைத்துச் சொன்ன விடை.

ஒரு நேரச் சாப்பாடு என்றாக்கிக்கொண்டாள். அதுவும் உப்பில்லாமல். அன்னம்மாக்கா கைக்குழந்தையோடு படலை வாசலுக்கு வந்தால் எழும்பி வீட்டுக்குள் போய்விடுவாள். தன் கை பட்டால் அதற்கும் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். எங்களுக்கு வயது இருக்கிறது, இன்னொரு பிள்ளை பிறக்கும் என்று நான் ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"அதையும் நான்தான் கொல்லோணுமோ?" என்று கேட்டாள்.

முள்ளுக் குத்தினதுபோல இல்லை. கத்தியால் வெட்டினதுபோலவும் இல்லை. பாம்பு கடித்த இடம் முதலில் மரத்துப்போகுமாம், அப்படி இருந்தது. நான் சொன்னது பிழை என்று அன்றைக்கே சொன்னேன். இப்ப என்னைத் தேற்றுறதுக்காகச் சொல்லுறியள் என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். என் வாய் போட்ட முடிச்சை என் வாயால் அவிழ்க்க முடியாது என்று அப்போது விளங்கியது. சரி, மற்றவர்களின் வாயையாவது கேட்டுக்கொண்டு வருவோம் என்று சைக்கிளை எடுத்தேன்.

வாசலில் நிற்கிற பிள்ளைகள்

காதர் நானாவுக்கும் இரண்டு பிள்ளைகள் சின்னனிலே தவறினது எனக்குத் தெரியும். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். உங்களில் இப்படிப் போன பிள்ளைகள் எங்கே நானா?

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"அதுகள் சுவர்க்கத்து வாசல்ல நிக்குங்கள் மாஸ்டர். உள்ளுக்குப் போகச் சொன்னாப் போகாதுகள். வாப்பாவும் உம்மாவும் வரட்டுமெண்டு நிக்குங்கள். எங்கட உடுப்புத் தலைப்பைப் புடிச்சு இழுத்துக்கொண்டுதான் உள்ளுக்குப் போகுங்கள்."

சொல்லும்போது தான் கட்டியிருந்த சாரத்தின் நுனியைப் பிடித்துக் காட்டினார். எனக்குப் பொறாமை வந்தது. என் சீவியத்தில் இன்னொரு சமயத்தின் மேல் முதன்முதல் வந்த பொறாமை. அந்த வாசலை, அந்தச் சின்னக் கையை, கோடு போட்ட கொப்பியில் எந்தப் பத்திக்குள் எழுதுவது?

எங்கள் பிள்ளை எங்கே என்று கேட்டேன். பிள்ளை என்றால் எல்லாம் ஒன்றுதான், அந்த வயதில் ஒன்றுக்கும் பாவமில்லை, உங்கள் மகனும் அங்கேதான் என்றார். தாய் என்று கேட்டேன். தாய் அந்த வாசலுக்கு வரலாமோ நானா?

நானா மடித்துக் கிடந்த சீத்தைத் துணியை விரித்துத் திரும்பவும் மடித்தார். அது ஆண்டவனுக்குத்தான் தெரியும் மாஸ்டர் என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுசன். ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்று அவரை விழுந்து கும்பிட்டிருப்பேன்.

மறுமொழி இல்லாதவர்

அங்கேயிருந்து நேரே கடற்கரை வேதக் கோயில் சுவாமியாரிடம் போனேன். கருவாட்டு மணமும் உப்புக் காற்றுமாக இருந்தது. அவர் என்னைக் கதிரையில் இருத்தி, தன் சமயம் சொல்லுகிறதைச் சொன்னார். ஞானஸ்நானம் பெறாமல் போகிற பிள்ளைக்கு நரகம் இல்லை. நோவு இல்லை. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே சந்தோசமாகவே இருக்கும். ஆனால் கடவுளைக் காணாது. மோட்சத்தில் இருக்கிறவர்கள் அங்கே போகவும் ஏலாது. அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்கள் இடுகாடான சேமக்காலையிலும் வேலிக்கு வெளியேதான் தாழ்க்கிறது என்று சொல்லும்போது, அந்த வயதான மனுசன் என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார்.

நான் எழும்பினேன். அவர் படி மட்டும் கூட வந்தார்.

"கோயில்ல நீங்கள் எங்களைக் கேட்ட கேள்வி எனக்கும் காதில விழுந்தது வாத்தியார். பிள்ளை ஏன் சாகுதெண்டு. நானும் கனநாள் யோசிச்சனான். எனக்கு மறுமொழி தெரியேல்லை."

குத்திக் காட்டச் சொல்லவில்லை. உண்மையாகத்தான் சொன்னார். ஆக, வாதத்தில் நான் வென்றுவிட்டேன். எதிராளியே ஒத்துக்கொண்டுவிட்டார். வென்றவன் வழியெல்லாம் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு வந்தேன்.

புத்த சமயத்தை நான் தேடிப் போகவில்லை. அது தானாக வந்தது. கல்விக் கந்தோர் அலுவலாக வவுனியாவுக்குப் போகிறபோது பஸ் புளியங்குளத்தில் பழுதாகி நின்றுவிட்டது. றெயில் பாதையில் வேலை செய்கிற ஒரு சிங்கள மனுசன் மர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு வாய் தந்தார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் என்னைத் தேற்றினார். அழ வேண்டாம், அந்தப் பிள்ளை இந்நேரம் வேறு வீட்டில் பிறந்திருக்கும், வேறு அம்மா பால் கொடுப்பா என்றார்.

மறுபிறப்பு எங்களிலும் உள்ளதுதான். நான் அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினவன். ஆனால் ஒரு வீடு, ஒரு தாய், ஒரு பால் வாய் என்று நான் அதை நினைத்துப் பார்த்ததில்லை. எனக்குக் கிணற்றடி வாழைதான் கண்ணுக்குள் வந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு அழுதேன்.

அவள் கேட்டது

அதே கிணற்றடியில் வைத்துத்தான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. வாசலில் நிற்கிற பிள்ளைகளைச் சொன்னபோது கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வேலிக்கு வெளியே என்றபோது திரும்பவும் தோய்க்கத் தொடங்கினாள். புளியங்குளத்து மனுசன் சொன்னதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. சொன்னேன்.

"ஆரெண்டாலும் குடுக்கட்டும். அவன் பசி தாங்கான்" என்றாள்.

பிள்ளை போனபிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சத்தை நான் கண்டது அந்த ஒருமுறைதான். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு அவள் கேட்டாள், அந்த மூன்று பேரில் ஆராவது தாய் செய்த பிழை என்று சொன்னார்களா என்று. ஒருவரும் சொல்லவில்லை என்றேன். சந்தோசமாகத்தான் சொன்னேன். அட மடையா, எவ்வளவு சந்தோசமாகச் சொன்னேன்.

"அப்ப எங்கட சமயத்தில மட்டுந்தான்" என்றாள் அவள்.

எங்கடையிலும் இல்லை, அதை நான்தான் சேர்த்தேன், ஒரு புத்தகத்திலும் கிடையாது என்று கத்தினேன். அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். மூன்று சமயத்தாரும் பிள்ளையை எங்கோ ஓரிடத்தில் வைத்திருந்தார்கள். தாயை வைக்க ஒருவரிடமும் இடம் இருக்கவில்லை. அவளுக்கென்று ஓரிடம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். குற்றவாளிக் கூண்டு. அவள் அதில்தான் போய் நின்றாள், வேறு எங்கே நிற்பது?

அடுத்த வருடப் படிப்பு

எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. வீட்டில் சொன்னால் தேற்றுகிறதுக்குச் சொல்லுகிறேன் என்கிறாள். சொன்ன இடத்திலேயே போய், சொன்ன சனத்துக்கு முன்னாலேயே எடுத்துவிட்டால்?

அடுத்த வருடம் படிப்புத் தொடங்கியபோது வருந்திக் கேட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கந்தையர் முதற் பாட்டைப் படித்தார். நான் பயன் சொல்லவில்லை. போன வருடம் இந்த இடத்தில் நின்று ஒரு பொய் சொன்னேன் என்றேன். பிள்ளை சாகிறதுக்குத் தாய் காரணம் என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை, நான் உங்களிடம் தலையாட்டு வாங்க அப்படிச் சொன்னேன், பிள்ளை ஏன் சாகிறது என்று எனக்குத் தெரியாது, இந்த நாலு சமயத்திலும் தெரிந்தவர் ஒருவரையும் நான் காணவில்லை என்றேன். தெரியாது என்ற சொல்லை அந்த ஒலிபெருக்கியில் முதன்முதல் சொன்னது அன்றைக்குத்தான்.

சனம் தலையாட்டியது. போன வருடம் ஆட்டின மாதிரியே ஆட்டியது. பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று ஒரு பெண் மற்றவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கந்தையர் என் தோளில் கையை வைத்து இருத்திவிட்டு, அடுத்த பாட்டைத் தானே படித்துத் தானே பயனும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டுக் குசினியில் இருந்தேன். எனக்குச் சோறு போட்டாள். போட்டுவிட்டு முன்னால் இருந்தாள்.

"கோயிலுக்கை நிண்டு எனக்காகப் பொய் சொல்லிப்போட்டியள்."

பொய் இல்லையப்பா, அதுதான் உண்மை என்றேன். படித்த மனுசன், திருநீறு பூசின நெற்றியோடு, சாமிக்கு முன்னால் நின்று தெரியாது என்று சொன்னால் அது வேறு என்ன என்றாள். கோபம் ஒன்றும் இல்லை அவளுக்கு. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள்.

அடுத்த நாள் தொடங்கி அந்த ஒருநேரச் சாப்பாட்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். இது உங்கட பாவத்துக்கு என்றாள்.